எய்னோ இன்னும் உள்ளே இருந்தான்

டெக்லாவைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. குள்ளம், கனத்த கண்ணாடி, ஓயாத வாய். எங்கள் ஊர்ச் சாலை அலுவலகத்தில் கணினி என்று பெயர் வைத்த எல்லாமே அவள் பொறுப்பு. அடுத்த மேசையில் நான். சாலையில் பனி தள்ளும் பனிவண்டிகளில் எது எங்கே போவது என்று ஏவுகிறவள். சுப்பீரியர் ஏரி பக்கமிருந்து பனி கிளம்பிவிட்டால் எங்கள் இருவருக்கும் கறி வைத்த பேஸ்டி ஒன்றைத் தின்னக்கூட நேரமிருக்காது.

அவள் கணவன் எய்னோவும் இங்கேதான் பனிவண்டி ஓட்டினான். போன குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான். ஏரிச் சாலை வளைவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். அவன் வண்டியை உபரி வண்டியாக ஷெட்டில் நிறுத்தினோம்.

வண்டிக்கு ஒரு டேப்லெட் உண்டு. ஓட்டுநர் தன் பெயரில் உள்ளே நுழைந்தால் என் திரையில் அந்தப் பெயரோடு ஒரு புள்ளி தெரியும். பழைய மென்பொருளில் ஒருமுறை நுழைந்தால் நுழைந்ததுதான், அது யாரையும் வெளியே அனுப்பாது. அதனால் எங்கள் ஆட்கள் ஒருவனுக்கும் தன் கடவுச்சொல் தெரியாது. எய்னோவின் பெயரும் ஓடாத வண்டியின் சாம்பல் நிறப் புள்ளியாக அப்படியே இருந்தது. அதை மூட டெக்லாவுக்கு ஒரு நொடி போதும். ஒரு வருடமாக மூடவில்லை. நானும் கேட்கவில்லை.

புதிய மென்பொருள் வந்த காலையில் வெளியே வெள்ளையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம். கால் மணி நேரம் திரையைத் தொடாவிட்டால், “இன்னும் இருக்கிறீர்களா?” என்று கேட்கும். “இருக்கிறேன்” என்பதை ஒரு நிமிடத்துக்குள் தொடாவிட்டால் வெளியே தள்ளிவிடும். வண்டி ஓட்டுகிறவன் எப்படித் தொட்டுக்கொண்டே இருப்பான்? மேசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவனுக்காக எவனோ எழுதிய விதி.

பழைய பெயர்களைப் புதியது சுமந்துகொண்டு வந்திருந்தது. டெக்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கால் மணி ஆனா எய்னோ தானா போயிடுவான்டி” என்றாள். “நான் அமுக்க வேண்டாம் பாரு. அது ஒரு நிம்மதி.”

கால் மணி ஆனது. பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரேடியோவில் வசவு மழை. “பாஸ்வேர்டா? என் பொண்டாட்டி பொறந்தநாளே எனக்கு ஞாபகமில்ல!” என்று ஒருவன் கத்தினான்.

எய்னோவின் பெயர் மட்டும் அணையவில்லை. கேள்வி போனது. பதில் வந்தது: இருக்கிறேன்.

புள்ளி பச்சையாகி, எய்னோ தினமும் போகும் ஏரிச் சாலையில் மெதுவாக நகர்ந்தது. டெக்லா நாற்காலியோடு என் மேசைக்கு நகர்ந்து வந்தாள்.

புள்ளி கல்லறை வளைவில் போய் நின்றது. பிறகு நகரவேயில்லை.

மறுபடி கேள்வி. மறுபடி, இருக்கிறேன். முதலில் கேட்டவுடன் பதில் வந்தது. அடுத்தடுத்துத் தாமதமானது. ஒருமுறை நிமிடம் முடியும் தறுவாயில்தான் வந்தது.

எங்கள் மேலாளர் கிளிஃபர்ட் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “செத்தவன் பேருல எவனோ வெளியாளு பூந்திருக்கான். மூடித் தொலைங்க. பேய்க்கதை கேக்க நேரமில்ல.”

“வெளியாளு கல்லறைக்கிட்ட போய் எதுக்கு நிக்கணும்?” என்று கேட்டேன்.

“அதையும் அவன்கிட்டயே கேளு” என்று போய்விட்டார்.

டெக்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “பதில் சொல்லவே தடுமாறுறான்டி. பாத்தியா? நாந்தான் ஒரு வருஷமா அவனப் புடிச்சு வச்சிருக்கேன். அவனுக்கு முடியல.”

அவள் சொன்னதை நான் நம்பினேன். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

“போதும் எய்னோ, தூங்கு” என்று சொல்லி, அவன் பெயரை மூடினாள். புள்ளி போய்விட்டது. காலிச் சாலையைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தாள். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

பிறகு தொலைபேசி அடித்தது. எங்கள் ஓட்டுநர் வெர்னின் மனைவி இர்மா. அன்று வெர்னுக்கு விடுமுறை.

“அவரு இன்னும் சாப்பிட வரலியே. எங்க அனுப்பி வச்சிருக்கீங்க?”

“வெர்னா? அவரு இன்னிக்கி லீவாச்சே!”

“பனியப் பாத்துட்டு வீட்டுல உக்காருற ஆளா அவரு? காலையிலயே ஷெட்டுக்குப் போயி எய்னோ வண்டிய எடுத்துட்டாரு. ஏரி ரோட்டுல எல்லாரும் மாட்டிக்குவாங்கன்னு சொன்னாரு.”

எங்கள் ஆட்கள் அப்படித்தான். கண் மறைக்கும் பனி வந்தால் அன்று வேலைமுறை இல்லாதவனும் யாரையும் கேட்காமல் உபரி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்த வண்டியின் டேப்லெட்டில் இன்னும் எய்னோ பெயர்தான் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. கல்லறை வளைவில் ரேடியோ எடுக்காது, தொலைபேசியும் எடுக்காது. வண்டிக் கூரை ஆன்டெனாவின் புண்ணியத்தில் டேப்லெட் மட்டும்தான் வேலை செய்யும்.

“எய்னோ வண்டியில வெர்ன்” என்றேன். டெக்லா எழுந்துவிட்டாள். ரேடியோ மைக்கை என் மேசையிலிருந்து பிடுங்கி, பக்கத்துச் சாலையில் இருந்தவனிடம் அலறினாள்: “கல்லறை வளைவுக்குப் போ! பள்ளத்துல பாரு, சீக்கிரம்!”

வண்டி பள்ளத்தில் சரிந்து கிடந்தது. கதவுக்கு மேல் பனி. எஞ்சின் எப்போதோ நின்றிருந்தது. வெர்ன் பேச்சு மூச்சில்லாமல் டேப்லெட்டை மார்போடு அணைத்துக் கிடந்தானாம். கடைசியில் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

சில நாட்கள் கழித்து மருத்துவமனைக்குப் போனோம். வெர்னின் வலது கையில், குளிரில் உறைந்து கருகிய இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

“கையுறையோட தொட்டா அந்த டேப்லெட் கண்ணாடிக்கு உறைக்க மாட்டேங்குது” என்றான் வெர்ன், ஏதோ வண்டிக் கோளாறு சொல்வதுபோல. “ஒவ்வொரு தடவையும் கழட்டிட்டுத்தான் தொட்டேன். நீதான் கேக்கறேன்னு நெனச்சேன், டெக்லா. கேக்கறாங்க, அப்போ வந்துடுவாங்கன்னு ஒரு தெம்பு. திடீர்னு ஏன் கேக்கறத விட்டுட்டே?”

டெக்லா கட்டுப்போட்ட அந்தக் கையைத் தன் இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எய்னோன்னு நெனச்சுட்டேன், வெர்ன்” என்றாள். “அவனுக்கு அசதியா இருக்குன்னு நெனச்சுட்டேன்.”