வீரையன் வறுத்த மயில்துத்தம்

வீரையன் எனக்கு அத்தை மகன். என் அப்பாவோடு கூடப்பிறந்த ரெங்கம்மாள் அத்தைக்குப் பிறந்தது நாலு. இரண்டு தங்கவில்லை. மூத்தவள் பட்டுக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். கடைக்குட்டிதான் வீரையன். எங்களுக்குத் திருவிடைமருதூருக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்துத் தெரு. கொடிக்கால் வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வெற்றிலைக் கொடிக்கு நோய் கண்டால் மயில்துத்தம் என்கிற நீலக்கல்லையும் சுண்ணாம்பையும் அவன் கரைத்து அடித்தால்தான் கேட்கும் என்பார்கள்.

கூலிநெல் அரைப்படி கூடக் கேட்ட வருஷம் மிராசுதார் எங்கள் தெரு ஆட்களை நிறுத்திவிட்டு வெளியூர் ஆட்களை வைத்து அறுத்தார். கொடி பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றவர்களில் வீரையனும் ஒருவன். அதற்குப் பிறகு எந்தக் கொடிக்காலிலும் அவனை ஏற்றவில்லை. எட்டாவது வரைக்கும் படித்திருந்ததால் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கடைநிலை வேலை கிடைத்தது. வேலை தற்காலிகம்தான். சதை பார்க்கிற லேபில் ஜாடி கழுவுவது, தரை துடைப்பது, சொன்னதை எடுத்துக் கொடுப்பது.

எழுபத்து மூன்றாம் வருஷம், குடியிருக்கிற மனைக்கு எங்கள் தெருவுக்குப் பட்டா வந்த ஐப்பசி. என் தங்கச்சி அம்சவல்லி நடவில் நின்றவள் கரையேறி வந்து, "அக்கா, மார்ல நெல்லிக்கா மாதிரி என்னமோ உருளுது" என்றாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். இன்னும் பிள்ளை இல்லை. நான் அவளை வீரையன் இருந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

பெரிய டாக்டர் கட்டியிலிருந்து பாக்குச் சீவல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்தார். "இதை லேப்ல பார்த்துச் சொல்லட்டும். சாதாரணக் கட்டின்னா அதை மட்டும் எடுத்துடலாம். கெட்ட கட்டின்னா மார்பையே எடுக்கணும்" என்றார். அம்சவல்லி அன்று முழுக்க முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அந்தத் துண்டு என்ன பாடு படும் என்பதை வீரையன்தான் எனக்குச் சொன்னான். முதலில் பார்மலின் மருந்தில் போட்டு அழுகாமல் நிறுத்த வேண்டும். பிறகு அதிலிருக்கிற தண்ணீரை எடுக்க, வீரியம் குறைந்த ஆல்கஹாலிலிருந்து சுத்த ஆல்கஹால் வரைக்கும் ஜாடி ஜாடியாக மாற்ற வேண்டும். அப்புறம் அந்த ஆல்கஹாலை எடுக்க சைலால் என்கிற திரவம். கடைசியில் உருக்கிய மெழுகு. தண்ணீர் துளிகூட இல்லாமல் போனால்தான் மெழுகு உள்ளே இறங்கும். மெழுகு இறங்கினால்தான் மெஷினில் வைத்து வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவ முடியும். சீவியது கண்ணாடியில் ஏறினால்தான் டாக்டரம்மா பார்த்துச் சொல்லுவார்.

மெஷினில் சீவுகிறவர் இராஜாங்கம். நல்ல கை, ஆனால் கோபக்காரர். மூன்றாம் நாள் காலை நான் லேப் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே அவர் கத்துவது கேட்டது.

"கொழகொழன்னு இருக்கு வீரையா! பஞ்சாமிர்தத்தக் கத்தியால சீவுற மாதிரி இருக்கு!"

கத்தியைத் தீட்டிப் பார்த்தார். மெழுகுக் கட்டியை ஐஸில் வைத்துப் பார்த்தார். இரண்டு சீவலும் நடுவில் பொத்தலாகிக் கிழிந்து வந்தன. சுற்றியிருந்த மெழுகு சரியாகத்தான் வெட்டுப்பட்டது. உள்ளே இருந்த சதைதான் நிற்கவில்லை. அம்சவல்லியுடையது மட்டுமல்ல, அந்த வாரத்துத் துண்டுகள் அத்தனையும் அப்படித்தான். இராஜாங்கம் கத்தியை வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல சீவினா துண்டே மிஞ்சாது. அந்தப் பொண்ணுக்கு மறுபடி கத்தி வைக்கணும். இல்ல, பெரிய டாக்டர் எதுக்கு வம்புன்னு மொத்தமா எடுத்துடுவார்."

வீரையன் வெளியே வந்து என்னைப் பார்த்தான். அப்படியே உள்ளே போய்விட்டான்.

லேபுக்குப் பொறுப்பு அந்த டாக்டரம்மா, ஆசியா டாக்டர். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. அவர் வந்து கிழிந்த சீவலைப் பார்த்ததும், "தண்ணி போகலை, ராஜாங்கம். ஆல்கஹாலைப் பாருங்க" என்றார்.

"அதத்தானே மேடம் நானும் சொல்றேன்! இந்த வாரத்துல ரெண்டு தடவ மாத்திட்டேன். மாத்தின மறுநாளே அடியில நீலம். ஸ்டோர்லேருந்து வர்ற சரக்கே தண்ணி கலந்துதான் வருது. கள்ளுக்கட, சாராயக்கடையெல்லாம் இப்பத்தான் மூடிட்டாங்களே. பக்கிரி பாதியக் குடிச்சிட்டுத் தண்ணிய ஊத்தி அனுப்புறான்."

ஸ்டோர்க்காரர் பக்கிரியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்த வேகத்தில் மேல்துண்டு தோளில் நிற்கவில்லை.

"யாருய்யா சொன்னது? வெத்தலை பாக்கத் தவிர நான் வாயில எத வெச்சேன்? வேணும்னா ஊதிக் காட்டுறேன், மோந்து பாருங்க!"

"ஒன் வாய மோக்க நான் என்ன ஒன் பொண்டாட்டியா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் ஆசியா டாக்டர். பக்கிரி மேல் புகார் எழுதிப் போடுவதற்குக் காகிதத்தை எடுத்தார் இராஜாங்கம்.

தரை துடைத்துக்கொண்டிருந்த வீரையன் நிமிர்ந்தான். "மேடம், ஒன்னு கேக்கலாமா? அடியில நீலமா இருந்தா என்னாங்க தப்பு?"

"அது தண்ணியைக் காட்டிக்கொடுக்கிற பொடிப்பா. மயில்துத்தத்தை வறுத்து, வெள்ளையாக்கி, வடிதாளுக்கு அடியில போட்டு வைக்கிறோம். ஆல்கஹால்ல தண்ணி இருந்தா அதை இழுத்து நீலமாயிடும். வெள்ளையா இருந்தாத்தான் நல்லது."

வீரையன் துடைக்கிற துணியை வாளியில் போட்டுவிட்டு அந்த ஜாடியின் அடியைப் பார்த்தான்.

கொடிக்காலில் மயில்துத்தம் மயில் கழுத்து நிறத்தில் இருந்தால்தான் சரக்கு. வெளுத்துப் போயிருந்தால் வீரியம் செத்துப்போச்சு என்று கடைக்காரன் முகத்தில் எறிந்துவிட்டு வருவோம். ஒரு வாரத்துக்கு முன்னால் சுத்த ஆல்கஹால் ஊற்றுகிற பெரிய ஜாடியைக் கழுவ எடுத்த வீரையன் அடியில் வெள்ளைப்பொடியைப் பார்த்திருக்கிறான். ஐயோ பாவம், கெட்டுப்போனதை இவர்கள் கவனிக்கவில்லையே என்று அதைக் கொட்டிவிட்டு, அலமாரியிலிருந்த டப்பாவைத் திறந்து நல்ல நீலக்கல்லாகப் பொறுக்கிப் போட்டு வைத்தான். இராஜாங்கம் ஆல்கஹாலை மாற்றச் சொன்ன இரண்டு தடவையும் ஜாடியைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, ஈரத்தோடேயே புது நீலக்கல்லும் போட்டான். தன் வேலையில் குறை வரக்கூடாது என்றுதான்.

தற்காலிக வேலை. வாயைத் திறந்தால் மறுநாள் பஸ் ஏற வேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரியும். திரும்பிப் போனால் ஊரில் வேலை தர ஆளில்லை என்பதும் தெரியும். கதவு வழியாக நான் இருப்பதை ஒரு தரம் பார்த்தான்.

"எழுதாதீங்க சார். பக்கிரி அண்ணன் ஒன்னும் செய்யல. வெள்ளையக் கொட்டிட்டு நீலத்தப் போட்டது நான். ஜாடியத் தொடைக்காம வெச்சதும் நான்தான்."

இராஜாங்கம் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அடப்பாவி! வெத்தலக் கொடிக்கு மருந்தடிக்கிற எடம்னு நெனச்சியா இத?"

"ஆமாங்க, அப்படித்தான் நெனச்சேன்" என்றான் வீரையன்.

ஆசியா டாக்டர் சிரித்துவிட்டார். பக்கிரியும் சிரித்தார். இராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த நீலக்கல் டப்பாலேருந்து எடுத்தப்போ ஈரமாவா இருந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க, நல்லாக் காய்ஞ்சுதான் இருந்துச்சு."

"கைக்குத்தான் அப்படித் தெரியும். உள்ள தண்ணி இருக்கு. வறுத்துப் பாரு."

பீங்கான் கிண்ணத்தில் நீலக்கல்லைப் போட்டு அடுப்பில் வைத்து வறுத்தான். ஆவி புறப்பட்டது. நீலம் மெல்ல மெல்ல மங்கி, அரிசி மாவு மாதிரி வெளுத்தது. ஆறிய பொடியில் டாக்டர் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுர்ரென்று சூடேறி மறுபடி நீலமாகிவிட்டது. நெல்லை அவித்துக் காயப்போட்டுப் பல்லில் கடித்துப் பதம் பார்க்கிற குடியில் பிறந்தவன் அவன். காய்ச்சல் போதாத நெல் மெஷினில் நொய்யாகப் போகும் என்று தெரிந்தவனுக்கு, இதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்தத் துண்டை இனிமே காப்பாத்த முடியாதா மேடம்? அது என் மாமா பொண்ணோடதுங்க" என்று கேட்டான். அதுவரைக்கும் அவன் அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

இராஜாங்கம் எழுத எடுத்த காகிதத்தைக் கசக்கிப் போட்டார். "முட்டாப்பயலே, மொதல்லயே சொல்றதுக்கென்ன? போ, ஜாடிய எடு. துணியால தொடச்சு, அடுப்புச் சூட்டுல காட்டி எடுத்துட்டு வா" என்றார்.

துண்டை வந்த வழியே திருப்பிக் கொண்டுபோனார்கள். மெழுகை உருக்கி எடுத்து, சைலாலில் ஊறவிட்டு, மறுபடி சுத்த ஆல்கஹாலுக்கு மாற்றினார்கள். அதே பக்கிரி கொடுத்த சரக்குதான். அடியில் வீரையன் வறுத்த வெள்ளைப்பொடி. வெளியே மழை விடாமல் கொட்டியது. காற்றில் இருக்கிற ஈரம்கூட இறங்கக் கூடாதென்று ஜாடி மூடியைச் சுற்றி மெழுகு தடவினான். மணிக்கு ஒரு தரம் குனிந்து ஜாடியின் அடியைப் பார்த்தான். வெள்ளையாகவே இருந்தது. பிறகு மறுபடி சைலால், மறுபடி மெழுகு. இரண்டு நாள் ஆயிற்று. அம்சவல்லி என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், "என்னக்கா சொல்றாங்க?" என்று. "ஒன் மச்சான் சமையல் பண்ணிக்கிட்டிருக்கான்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை இராஜாங்கம் மெஷினைச் சுற்றினார். வராந்தாவில் நின்ற எனக்குக் கத்தி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல்: "வருது... ரிப்பனா வருது பாரு!" ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா மாதிரி இறங்கியதாம். பொத்தல் இல்லை.

சாயம் ஏற்றி, ஆசியா டாக்டர் பார்த்தார். சாதாரணக் கட்டி. கெட்டது ஒன்றுமில்லை. அடுத்த வாரம் கட்டியை மட்டும் எடுத்தார்கள். ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு, அவ்வளவுதான். தை அறுவடைக்கு அவள் வயலில் இறங்கிவிட்டாள்.

வீரையனை யாரும் அனுப்பவில்லை. ஒரு வருஷம் கழித்து வேலை நிரந்தரமாயிற்று. இருபத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்தான். இராஜாங்கம் ஓய்வு பெற்றுப் போன பிறகும், சீவல் கிழிந்தால் அங்கிருந்தவர்கள் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் அவனைத்தான் தேடினார்கள். பட்டா வந்த மனையில் ஓட்டு வீடு கட்டினான். கடைசி வரைக்கும் இராஜாங்கம் அவனை வெத்தலக்கொடி என்றுதான் கூப்பிட்டார்.

அம்சவல்லிக்கு மறுவருஷம் பெண் பிறந்தது. அடுத்தடுத்து இரண்டு ஆண். மூன்றும் அவளிடம்தான் பால் குடித்து வளர்ந்தன. முதல் பெண்ணைப் பார்க்க வீரையன் வந்தபோது மழை. வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து கையை நீட்டினான். மடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்சவல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"மச்சான், ஈரக்கையோட தூக்காதீங்க. நீங்க ஜாடி தொடைச்ச லட்சணம் எங்களுக்குத் தெரியும்."

வீரையன் துண்டை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று மூன்று தரம் துடைத்தான். அப்புறம்தான் பிள்ளையை வாங்கினான்.