சரஸ்வதிக்கு முன்னால் ஒரு சோடி ஸ்கேட்ஸ்

போன கிழமை தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். துருவி உறையவைத்த தேங்காய்ப்பூ வழக்கம்போல ஃபிரீசரின் அடியில்தான் கிடந்தது. இடுப்புவரை குனிந்து, தலையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது அந்த மணம் வந்தது. ஐஸுக்கு என்ன மணம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் ஈரத்துணி, மூக்குக்குள் ஊசி குத்துகிற குளிர். "அக்கா, உள்ளுக்க விழுந்திடாதேங்கோ" என்றார் கடைக்காரர். தேங்காய்ப்பூவை மறந்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் ஒருவர் கணவாய் மீனுக்காகக் காத்திருந்தார் பாவம்.

நான் ஒரு காலத்தில் ஐஸ் ஹாக்கி விளையாடியவள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். என்னைப் பார்த்தவர்கள் எல்லோருமே சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஓக்லாந்துக்கு வந்து, பாதி வருடத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்தேன். அதற்குள் நெட்போல் அணி நிரம்பிவிட்டது. டெனிஸுக்குச் சொந்த மட்டை வேண்டுமாம். மிச்சமிருந்தது ஐஸ் ஸ்கேட்டிங் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஐஸ்பழம் விற்கிற வண்டிக்குப் பின்னால் ஓடியதைத் தவிர ஐஸோடு எனக்கு வேறு கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை.

அந்த வருடம்தான் நான்கு உயர்நிலைப் பள்ளிகள் சேர்ந்து ஒரு ஐஸ் ஹாக்கி லீக் தொடங்கின. பையன்களும் பெண்களும் கலந்த அணிகள். எங்கள் பயிற்சியாளர் புவியியல் ஆசிரியர். அவருக்கே ஸ்கேட் பண்ணத் தெரியாது. கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்துப் பலகையைப் பிடித்தபடி கத்துவார். எனக்கு முன்னால் போகவும் வராது, பின்னால் போகவும் வராது. ஆனால் விழாமல் நிற்பேன். போகத் தெரியாதவள் நிற்கட்டும் என்று கோல் வாசலில் நிறுத்திவிட்டார்.

அந்த லீக்கில் ஒரு வழக்கம் இருந்தது. கோல் காப்பாளர் அணிகிற கால்கவசம், மார்புக்கவசம், முகமூடி எல்லாம் நான்கு பள்ளிக்கும் சேர்த்து இரண்டே செட்தான். ஒரு ஆட்டம் முடிந்ததும் கழற்றி அடுத்த ஆட்டக்காரியிடம் கொடுக்க வேண்டும். இன்னொருத்தியின் வியர்வைச் சூடு ஆறுவதற்கு முன்பே அதற்குள் நுழைய வேண்டும். முதுகுப் பட்டிகளைத் தனியாகக் கட்ட முடியாது. அதனால் எதிரணிக் காப்பாளரே கட்டிவிடுவாள், கழற்றியும் விடுவாள். நாறும் என்று சொன்னால் போதாது. ஆனால் அந்த நாற்றத்தை நான்கு பேரும் பங்குபோட்டுக்கொண்டதால் யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

ஸ்கேட்ஸ் மட்டும் அவரவருடையது. ஆசிரியர் யாரிடமோ கேட்டு எனக்கு ஒரு பழைய சோடி வாங்கித் தந்திருந்தார். நாக்குக் கிழிந்து, தோல் வெடித்த சோடி. ஆனால் கால் அதற்குப் பழகிவிட்டது.

அப்பா ஊரில் நில அளவையாளர். இங்கே பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிற வேலை. "படிக்க வந்தனியோ, சறுக்க வந்தனியோ?" என்று ஒருநாள் கேட்டார். அதோடு நான் வீட்டில் ஆட்டம் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறதுதானே. பின்னேரம் என்னை ஏற்றிப்போக வருவார், ஆனால் கார் தரிப்பிடத்தைத் தாண்டி உள்ளே ஒரு தடவையும் வந்ததில்லை. முதல் ஆட்டங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். பிறகு பந்துக்குப் பதிலாக வருகிற அந்தக் கறுத்த ரப்பர் வட்டு எந்தக் கோணத்தில் வரும் என்று எனக்குப் பிடிபடத் தொடங்கியது. வென்றோம். மறுபடியும் வென்றோம். இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டோம். அதையும் நான் வீட்டில் சொல்லவில்லை.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம். அது நவராத்திரி நேரம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு வந்தால், ஹோல் மூலையில் வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் எல்லாம் அடுக்கியிருந்தது. தம்பியின் புத்தகங்கள், அம்மாவின் கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பனர்கள். ஸ்பனர்களுக்கு நடுவில் என் ஸ்கேட்ஸ். துருவும் கறளும் சுரண்டி, எண்ணெய் பூசி, இரும்பிலும் தோலிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

குசினிக்குள் அம்மா அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, சப்பாத்தையோ சாமிக்கு முன்னால வைக்கிறது?"

"அது சப்பாத்தில்லை. அடியில இரும்பைப் பாரும். அது அவளின்ர ஆயுதம்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பூசையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுப்பது எங்கள் வழக்கம். அது ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு எனக்கு அது வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் எப்படிச் சொல்வேன்? இத்தனை மாதமாக அப்பா என் ஆட்டத்துக்குக் கொடுத்த முதல் மரியாதை அந்தத் துணிமேல் இருந்தது. பிழை என்னுடையதுதான், நேரத்தோடு சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், ரிங்கில் வாடகைக்குக் கொடுக்கிற நீலப் பிளாஸ்டிக் ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டேன். பாண் வெட்டுகிற கத்தி அதைவிடக் கூராக இருக்கும். "உன் ஸ்கேட்ஸ் எங்கே?" என்று ஆசிரியர் கேட்டார். சாமியிடம் என்றேன். நல்ல மனிதர், மேலே கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கியது. வலது பக்கம் போக நினைத்தால் கால் இடது பக்கம் போனது. முதல் பகுதிக்குள் மூன்று கோல் விட்டேன். என் அணிக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் முகமூடியைக் கழற்றாமலே இருந்தேன்.

இடைவேளையில் பலகைக் கதவடியில் சலசலப்பு. பார்த்தால் அப்பா! வேட்டி, அதற்குமேல் தொழிற்சாலை ஜாக்கெட், நெற்றியில் திருநீறு, வெறுங்காலில் செருப்பு. இரண்டு கையிலும் ஒவ்வொரு ஸ்கேட். பின்னால் தம்பி, அவனும் எங்கள் பள்ளிக்கூடம்தான். "ஐ டோல்ட் ஹிம். யூ நெவர் டெல் ஹிம் எனிதிங்" என்றான்.

"அப்பா, நாளைக்குத்தானே எடுக்கிறது?"

"கேட்டுட்டுத்தான் எடுத்தனான்."

"அம்மா ஓம் எண்டவவோ?"

"அம்மாட்ட ஆர் கேட்டது? சரஸ்வதியிட்டக் கேட்டனான்."

குந்தியிருந்து கயிற்றை அவரே கட்டினார். "உது காணுமோ, இன்னும் இறுக்கவோ?" என்று கேட்டார். காணும் என்று தலையாட்டினேன்.

திரும்ப ஐஸில் இறங்கியதும் நடுவர் விசில் ஊதினார். என் கால் முழுக்கச் சிவப்பு. இரத்தம் வந்தால் வெளியே போக வேண்டும் என்பது சட்டம். அப்பா பலகைக்குமேல் எட்டி, "நோ பிளட், சேர்! பிரேயர்!" என்று கத்தினார். நடுவர் குனிந்து விரலால் தொட்டு, மணந்து பார்த்து, என்ன விளங்கியதோ, ஆட்டத்தைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை. காலால் தடுத்தேன், கையால் தடுத்தேன், ஒருதடவை முகமூடியால் தடுத்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு கோல் போட்டார்கள். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். கோப்பையை வென்றவர்களின் காப்பாளர் வழக்கம்போல வந்து என் முதுகுப் பட்டிகளைக் கழற்றிவிட்டாள். எனக்குக் கவலையே வரவில்லை. அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

காரில் அப்பா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "அடுத்த வருசம் நேரத்துக்குச் சொல்லு."

அடுத்த வருடம் லீக் இல்லை. இரண்டு பள்ளிகள் விலகிவிட்டன, மற்றவை ரக்பியோடு நின்றுகொண்டன. எங்கள் லீக்கின் வரலாறு அந்த ஒரு பருவம்தான்.

பல வருடம் கழித்து அப்பா ஓய்வுபெற்ற நாளில் தொழிற்சாலைத் தேநீர் அறைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சியோனே என்ற பெரிய உடம்புக்காரர், டொங்காவைச் சேர்ந்தவர், என்னைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு, "செவன்டீன்!" என்றார். யாரோடோ மாறாட்டம் என்று நினைத்தேன். இல்லையாம். இறுதி ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை அப்பா வந்து, மேசையில் டீக் கோப்பையை வைத்து, கையையும் காலையும் விரித்துக் காட்டினாராம். சரியான ஸ்கேட்ஸ் வந்த பிறகு பதினேழு அடி வந்தது, பதினேழையும் மகள் பிடித்தாள் என்று. அதற்குப் பிறகு வேலைக்கு வந்த ஒவ்வொரு புது ஆளுக்கும் அந்தக் கதைதானாம். அப்பா பார்வையைக் கோப்பைக்குள் இறக்கிக்கொண்டு, "அவன் சும்மா கதைக்கிறான்" என்றார்.

நான் எண்ணியிருக்கவில்லை. ஆசிரியரும் எண்ணவில்லை. போட்டித் தாளில் கோல்களைத்தான் எழுதுவார்கள், தடுத்ததை யார் எழுதுகிறார்கள்? சட்டம் ஒன்றும் தெரியாமல், செருப்புக் காலோடு அந்தக் குளிரில் உட்கார்ந்து அப்பா ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. சியோனே எங்கே என்று தெரியாது. அப்பா போய் ஆறு வருடமாகிறது. அப்படி ஒரு லீக் இருந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை. எங்காவது பேச்சு வந்தால் நீங்களாவது சொல்லுங்கள்: பதினேழு வந்தது, பதினேழையும் அவள் பிடித்தாள்.