சித்தப்பா ஆடாத ஆட்டம்

சித்தப்பாவை நான் முதன்முதலாக நேரில் கண்டது ஆக்லாந்து விமான நிலையத்தில். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவருடன் வந்த பயணிகள் எல்லாரும் வெளியே வந்து, கட்டிப்பிடித்து, அழுது, கார் ஏறிப் போய்விட்டார்கள். அவரை மட்டும் காணவில்லை. அவர் கொண்டுவந்த சாமான்களை அதிகாரிகள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சப்பாத்தில் மண் இருக்கிறதா, காலுறையில் விதை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடைசியில், தன்னைவிட அகலமான கறுப்புப் பையொன்றைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நெடிய இளைஞர் ஒருவர் வந்தார். அப்பா கை குலுக்குவதற்காக வலது கையை நீட்டினார். அவரோ அணைப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்தார். அப்பாவின் கை இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சொந்த அண்ணனும் தம்பியும் சந்தித்துக்கொண்ட விதம் அது.

அவர்களுக்கிடையே பதினேழு வயது வித்தியாசம். அப்பா இருபது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தனியாகப் புறப்பட்டு, பல நாடுகளில் காத்துக் கிடந்து, நியூசிலாந்தில் வந்து நின்றவர். அப்போது சித்தப்பாவுக்கு மூன்று வயது. சில வருடங்களில் சித்தப்பாவோடு வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் டொரண்டோவுக்குப் போய்விட்டார்கள். பிறகு அப்பாவுக்கு விசா கிடைத்த வருடம் லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்த வருடம் நான் பிறந்தேன். இப்படியே இருபத்தொரு வருடங்கள் ஓடிவிட்டன. திரையில் பார்த்துக் கதைத்திருக்கிறார்கள்தான். ஆனால் தம்பி கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதைத் திரை அப்பாவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சித்தப்பா ஐஸ் ஹொக்கி விளையாடுபவர். பனித்தரையில் சறுக்கிக்கொண்டே, வளைந்த மட்டையால் ஒரு ரப்பர் வட்டை அடித்து எதிரணியின் வலைக்குள் போடும் விளையாட்டு. அவர் வலையைக் காப்பவர். ஆக்லாந்து அணியில் பெரும்பாலானவர்கள் பகலில் குழாய் பொருத்துகிறவர்களாகவோ மாணவர்களாகவோ இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு குளிர்காலத்துக்கென்று வரவழைக்கப்படும் இரண்டு மூன்று பேர் மட்டுமே அதையே தொழிலாகக் கொண்டவர்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் என் சித்தப்பா. நம்முடைய ஆள் ஒருவருக்கு ஐஸில் நிற்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அம்மா கடைசிவரை முழுதாக நம்பவில்லை. தொலைபேசியில் உறவினர்கள் கேட்டால், “தம்பி இஞ்ச ஒரு கொன்ட்ராக்டில வந்து நிக்கிறார்” என்று மட்டும் சொல்வார். கேட்டவர்கள் அவரை என்ஜினியர் என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா திருத்த மாட்டார்.

அணி அவருக்கு வேறு இடத்தில் அறை ஒழுங்குசெய்திருந்தது. அதை மறுத்துவிட்டு எங்கள் வீட்டின் சின்ன அறையில் வந்து தங்கினார். அவருடைய தமிழ் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கனடாவில் வளர்ந்த வாயால், முதியவர்கள் பாவிக்கும் சொற்களைச் சொல்லுவார். அவரோடு ஆங்கிலத்தில் பேசினால் பதில் வராது. அதனால் அந்தக் குளிர்காலத்தில், என் பெற்றோர் ஒன்பது வருடமாக முயன்றும் நடக்காத ஒன்று நடந்தது. நான் தமிழில் பதில் சொல்லத் தொடங்கினேன்.

அணியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. தோற்றது. முதல் ஆட்டத்தில் தோற்றது, இரண்டாவதில் தோற்றது, தெற்குத் தீவுக்குப் பறந்துபோய் இரண்டு நாளில் இரண்டு தரம் தோற்றுவிட்டுத் திரும்பி வந்தது. ஒருமுறை வென்றபோது எங்கள் வீரர்களே என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆக்லாந்தில் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே மழை கொட்டும். அதிலிருந்து தப்பி உள்ளே போனால் அங்கே அதைவிடக் குளிர். அம்மா போர்வையும் பிளாஸ்கில் தேநீரும் கொண்டுவருவார். அப்பா கண்ணாடித் தடுப்பின் ஓரமாக நின்றபடியே பார்ப்பார். விளையாட்டின் விதிகள் ஒன்றும் அவருக்குத் தெரியாது. வட்டு எங்கே இருக்கிறதென்றும் பாதி நேரம் தெரியாது. “விடாதை தம்பி! விடாதை!” என்று கத்துவார். மோசமான அணியின் வலைகாப்பவருக்குத்தான் வேலை அதிகம். சித்தப்பா விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, பந்தயம் முழுக்கத் தனியாக யாரோடோ சண்டை பிடிப்பவர்போல இருப்பார். ஆட்டம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு முதலில் அப்பா நிற்கும் பக்கம் பார்ப்பார். அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார், வென்றதுபோல.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வந்த வேகத்தில் நிலைதடுமாறிச் சித்தப்பாவின் மேல் விழுந்தான். இருவரும் வலையோடு சேர்ந்து சரிந்தார்கள். சித்தப்பாவின் தலை இரும்புக் கம்பத்தில் பட்டது. நான் இருந்த இடத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவர் முழங்காலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எழும்பி, சப்பாத்துச் சறுக்கிவிட்டது என்பதுபோலக் காலைக் காட்டி, கையை அசைத்து விளையாட்டைத் தொடரச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த நாள் முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். தடிமன், மூக்கடைப்பு என்றார். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

அப்பாவும் அம்மாவும் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை. அப்பா மனுரேவாப் பக்கத்தில், விபத்துகளில் தலையில் அடிபட்டவர்கள் தங்கியிருக்கும் இல்லமொன்றில் பராமரிப்பாளர். அவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுவது, குளிக்க வார்ப்பது, கரண்டியைக் காட்டி இது கரண்டி என்று தினமும் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஆகவே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவது சித்தப்பாதான்.

அந்த வாரம் காரில் ஏறியதும் அவர் ஒரு புது விளையாட்டுச் சொன்னார். நான் ஐந்து சொற்கள் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் இருவரும் அவற்றை ஒழுங்காகத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் கூடுதலாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் டெய்ரி என்கிற சின்னக் கடையில் ஒரு லொலி, இனிப்பு.

“ஏன் சித்தப்பா?”

“வாற செவ்வாய்க்கிழமை ரீமில ஒரு சோதினை வைப்பினம். நான் முதலாவதா வரவேணும். நீ எனக்கு ரீச்சர். ஆனா இது எங்கட ரகசியம், சரியோ?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாய், குடை, பச்சை, அப்பிள், யன்னல் என்று தொடங்கினேன். முதல் நாளே நான் வென்றேன். இரண்டாம் நாளும் வென்றேன். அவருக்கு மூன்று சொல் வரும், சிலநாள் இரண்டு. நாய் என்பதற்குப் பதிலாக நேற்றைய சொல்லைச் சொல்வார். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே தோற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சித்தப்பா அதை மிகவும் நன்றாக நடித்தார் என்றே நினைத்தேன். அணியின் சோதனையில் எப்படியோ அவர் தேறிவிட்டார். அது தலையில் அடிபட்டவர்களுக்கு வைக்கும் சோதனை என்பதும், அதில் கேட்கும் சொற்பட்டியல்கள் அவருக்கு முன்பே கிடைத்திருந்தன என்பதும், சொற்களை மனப்பாடம் செய்ய முடிகிறதா என்று என்னை வைத்துத்தான் பார்த்துக்கொண்டார் என்பதும் மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். குழந்தைகூடப் பிடிக்கக்கூடிய வட்டுகள் அவரைத் தாண்டிப் போயின. கடைசி ஆட்டம் ஒன்றுதான் மிச்சம். வென்றால் எங்கள் அணி கடைசி இடத்திலிருந்து தப்பும். அதைவிடப் பெரிய விஷயம், ஐரோப்பாவில் ஓர் அணி அவரை எடுக்க யோசிக்கிறது, அந்தக் கடைசி ஆட்டத்தின் காணொளியை அனுப்பச் சொல்லியிருக்கிறது. வீட்டில் எல்லாரும் அதைப் பற்றியே கதைத்தோம். அம்மாகூட முதன்முறையாக ஓர் உறவினரிடம் ‘ஹொக்கி’ என்ற சொல்லைச் சொன்னார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அணியில் சித்தப்பாதான் பெரிய ஆள் என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்ததால், என்னுடைய திறமையையும் யாராவது கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“நான் ஒவ்வொரு நாளும் சித்தப்பாவை வெல்லுறன்” என்றேன். “சித்தப்பாவுக்கு அஞ்சு சொல்லே ஞாபகம் வைக்கத் தெரியாது. வியாழக்கிழமை ரவுண்டபவுட்டில மூண்டு தரம் சுத்தினவர், ஸ்கூலுக்கு எந்தப் பக்கம் திரும்பிறதெண்டு மறந்துபோனார்!”

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். ரகசியம் என்று சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அப்பா சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டார்.

“தம்பி, டிசம்பரில இருந்து மாசத்தைப் பின்னுக்குச் சொல்லு.”

“என்ன அண்ணா இது, கனடாவில வலப்பக்கம் ஓடுறது, அதுதான் குழம்பிப் போச்சு.”

“ரெண்டு மாசமா இடப்பக்கம்தானே ஓடினனி. சொல்லு.”

சித்தப்பா டிசம்பர், நவம்பர் என்று தொடங்கினார். செப்டெம்பருக்குப் பிறகு நின்றார். ஜூன் என்றார். இல்லை என்றார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே மாறிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, எங்கள் முன்னாலேயே அணியின் பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தார். தன் வேலையிடத்தில் பாவிக்கும் ஆங்கிலத்தில், நிதானமாக, எல்லாவற்றையும் சொன்னார். சித்தப்பா பாய்ந்து தொலைபேசியைப் பறிக்கப் பார்த்தார். கதிரை விழுந்தது.

“ஒரு ஆட்டம் அண்ணா! ஒரே ஒரு ஆட்டம்! அதுக்குப் பிறகு நான் டொக்டரிட்டப் போறன், சத்தியமா!”

“இன்னொருக்கா அடிபட்டா உனக்கு நான்தான் சோறு தீத்த வேணும். அந்த வேலையை நான் ஒவ்வொரு நாளும் செய்யிறன். உனக்குச் செய்ய என்னால ஏலாது.”

“நீங்கள் ஆர் எனக்குச் சொல்ல? நீங்கள் எங்கட வீட்டுச் சுவரில இருந்த போட்டோ. அவ்வளவுதான்.”

அப்பா விழுந்த கதிரையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“சரி. போட்டோவாவே இருந்திட்டுப் போறன். நாளைக்கு நீ விளையாடேலாது.”

சித்தப்பா அன்றைக்கே அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு அணிக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் என் தலையில் கைவைத்து, “உன்னில பிழையில்லை” என்றார். அப்படி அவர் சொன்ன பிறகுதான் பிழை என்னுடையதாக இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்தது. அறைக்குள் போய் நெடுநேரம் அழுதேன். அப்பா வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. அந்த வயதில் எனக்கு விளங்கிய கணக்கு இவ்வளவுதான்: நான் கோள் சொல்லிவிட்டேன், அப்பா சித்தப்பாவின் விளையாட்டைப் பறித்துவிட்டார், இரண்டு பேரும் கெட்டவர்கள்.

அடுத்த நாள் அம்மா வரவில்லை என்றார். அப்பாவும் நானும் மட்டும் போனோம். வலையில் பதினெட்டு வயதுகூட நிரம்பாத உள்ளூர்ப் பையன் ஒருவன் நின்றான். சித்தப்பா எதிர்ப் பக்கத்துப் பார்வையாளர் வரிசையில், அணியின் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, உள்ளேயும் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். அப்பா வழமையான இடத்தில் நின்றார். கத்தவில்லை. அந்தப் பையன் ஒன்பது கோல் விட்டான். ஆட்டம் முடிந்து சங்கு ஊதியதும் அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். எதிர்ப் பக்கத்தில் சித்தப்பா எழும்பி, படியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வெளியே போய்விட்டார்.

அவர் அதற்குப் பிறகு விளையாடவில்லை. டொரண்டோ வைத்தியர்கள் முற்றாகத் தடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தியும் பல தடவை தலையில் அடிபட்டிருந்ததாம், யாரிடமும் சொன்னதில்லையாம். வெளிச்சத்தைப் பார்த்தால் தலையிடிக்கும் நிலை மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது அங்கே பாடசாலை ஒன்றில் வேலை செய்கிறார், ஒரு மகனும் இருக்கிறான். என் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் தமிழில் செய்தி அனுப்புவார். அண்ணனும் தம்பியும் ஆறு வருடம் கதைக்கவில்லை. பிறகு கதைத்தார்கள், காலநிலையைப் பற்றி. இன்றுவரை மறுபடி நேரில் சந்திக்கவில்லை.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று எல்லாரும் போன பிறகும் அப்பா கண்ணாடித் தடுப்பின் பக்கத்திலேயே நின்றார். பனித்தரையை மெழுகும் வண்டி மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அது போன இடமெல்லாம் ஈரமாக மினுங்கியது. நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அவர் அழுவதைக் கண்டேன். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. முந்தின நாள் கோபம் எனக்கு மறந்துபோனது. கடைசி இடத்துக்குப் போன அணிக்காக ஒரு மனிதர் இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று பாவமாக இருந்தது.

“அழாதைங்கோ அப்பா” என்றேன் தமிழிலேயே. “அடுத்த வருசம் வெல்லுவினம்.”

“ஓம் பிள்ளை” என்றார் அப்பா.

அவரை ஆறுதல்படுத்திவிட்ட பெருமையோடு நான் காரை நோக்கி முன்னால் நடந்தேன்.