டோக்கியோ விமானத்தில் நான் தூங்கிய ஐந்து மணி நேரம்

பணி நேரத்தில் நான் தூங்கினேன். ஒரு கணம் கண் அயர்ந்துவிட்டேன் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்... ஐந்து மணி நேரம்! என் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட இதய நோயாளி பக்கத்து இருக்கையில் இருக்க, நான் கால் நீட்டி, வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினேன். விழித்ததும், தூங்கவே தூங்காதவளைப் போலப் பொய் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு இன்பமான தூக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான் ஒரு நர்ஸ். குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரையூர். அப்பா கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிதில் நான் பஹ்ரைனுக்கு வந்து, மனாமாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதயப் பிரிவில் சேர்ந்தேன். அந்நகரின் குதைபியா பகுதியில், கோழி பொரிக்கும் கடைக்கு மேலே, நாங்கள் நால்வர் ஒரே அறையில் இருந்தோம். நால்வருக்கும் வேறு வேறு டூட்டி. ஒருத்தி படுத்திருக்கும்போது ஒருத்தி குக்கர் வைப்பாள். ஒருத்தி போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசி அழுவாள். அந்த அறையில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆறு ஆண்டுகள் நான் அப்படித்தான் தூங்கினேன்.

எங்கள் பிரிவுக்கு ஒரு ஜப்பானியர் வந்து சேர்ந்தார். பெயர் மொரிதா. கப்பல் பழுதுபார்க்கும் இடத்துக்கு ஆலோசனை சொல்ல வந்த பொறியாளர்; வயது அறுபத்தெட்டு. வேலை நடக்கும் இடத்திலேயே மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து, கூடவே ஒரு நர்சை அனுப்பி, விமானத்தில் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பாடு செய்தது. பிசினஸ் கிளாஸ் பயணம்... நர்சுக்கும் பிசினஸ் கிளாஸ்!

அந்த டூட்டிக்காக எங்கள் வார்டில் எத்தனை பேர் தவம் கிடந்தார்கள் தெரியுமா? ஆனால் மொரிதா என்னைத்தான் கேட்டார். மற்றவர்கள் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு "நார்மல், நார்மல்" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் மட்டும் எண்ணைச் சொல்வேன். அவர் அதைச் சின்னக் குறிப்பேடு ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொள்வார். "அந்தச் சிஸ்டர் உண்மையான எண்ணைச் சொல்கிறார், அவரை அனுப்புங்கள்" என்று சொன்னாராம். உண்மையான எண்! இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை மறக்க வழியில்லை.

கூடப் போகும் நர்ஸ் முந்தின ஒரு பகலும் ஓர் இரவும் முழு ஓய்வில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. டூட்டி அட்டவணைப்படி நான் ஓய்வில்தான் இருந்தேன். ஆனால் எங்கள் டூட்டியெல்லாம் அட்டவணைப்படியா நடந்தது? எங்களுக்குள் வாய்ப்பேச்சாகவே மாற்றிக்கொள்வோம். அறைத்தோழி சகாயம் முன்பு எனக்காக இரண்டு நைட் பார்த்திருந்தாள். அதைத் திருப்பிச் செய்ய, பயணத்துக்கு முந்தைய இரண்டு இரவுகளும் அவள் பெயரில் நான் பார்த்தேன். அப்போது பயணம் முடிவாகியிருக்கவில்லை. முடிவானபோது நான் இரண்டாவது நைட்டை முடித்துவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, ரெண்டு நைட்டும் கண்ணு முழிச்சிருக்க. மேடத்துக்கிட்ட சொல்லி வேற ஆள விடச் சொல்லு. ஹார்ட் பேஷண்ட்டுட்டி!" என்றாள் சகாயம்.

"நீ வாய மூடிட்டுக் கெட. பிசினஸ் கிளாஸாக்கும்! நம்ம ஊர்ல எவளாவது போயிருக்காளா?"

"போற வழியில ஒறங்கிப் போடாத."

"நானா? ஆறு வருசமா நைட் பாக்கிறவளாக்கும்!"

கண்காணிப்பாளர் கோட்டயத்துக்காரம்மா. தாள்களைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "நல்லா ஒறங்கியோ மோளே?"

"ஒறங்கினேன் மேடம்" என்றேன். என் முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது!

பகல் முழுக்கப் பெட்டி கட்டுவதில் போக, அன்று மாலை கிளம்பினோம். சிங்கப்பூர் வரை ஒரு விமானம். அந்த இரவு முழுக்க நான் கண்ணை மூடவில்லை, சத்தியம்! மணிக்கொரு முறை அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, எண்ணைப் பார்த்து, சார்ட்டில் எழுதினேன். அவரும் தம் குறிப்பேட்டில் எழுதினார். காலையில் சிங்கப்பூர் நிலையத்தில் முகம் கழுவியபோது கண்ணாடியில் என் கண்கள் மிளகாய்ப் பழமாக இருந்தன.

பிறகு அந்த ஜப்பானிய விமானம்...

நான் எப்படிச் சொல்வேன் உங்களுக்கு! வாசலிலேயே இரண்டு பணிப்பெண்கள் இடுப்பு வரை குனிந்தார்கள். மொரிதாவுக்குத்தான் என்று நினைத்து ஒதுங்கினேன். எனக்கும் ஒரு முறை குனிந்தார்கள்! என் பெயரைச் சொல்லி, மரியாதைச் சொல் ஒன்றைச் சேர்த்து அழைத்தார்கள். ஒரு பெண் என் இருக்கைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, சூடான ஈரத்துணியை இரு கைகளாலும் நீட்டினாள். ஆறு வருடமாகப் பிறர் கட்டிலருகில் குனிந்து நின்றவள் நான். எனக்கு முன்னால் ஒருத்தி முழந்தாளிட்டுக் கேட்கிறாள், குடிக்க என்ன வேண்டும் என்று! அந்த நொடியில் என் ஊர்க் கடற்கரை முழுவதும் கூடி நின்று என்னைப் பார்க்காதா என்று ஏங்கினேன்.

சாப்பாடு சின்னச் சின்னக் கிண்ணங்களில் வந்தது. ஒன்றில் பச்சை மீன் துண்டுகள், சிவப்பாக, பளபளவென்று. பார்த்ததும் தெரிந்துவிட்டது, சூரை. எங்கள் வீட்டில் இதைக் குழம்பு வைப்போம், மிஞ்சினால் கருவாடு. பச்சையாக வாயில் போடுவதா? மொரிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுவேனா? போட்டேன். மென்றேன். "முதல் தர மீன் சார். பிடித்தவன் அடிபடாமல் பிடித்திருக்கிறான்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் பிரிவுக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் மணிக்கான எண்ணைக் குறித்தேன். நூற்று முப்பதுக்கு எண்பது, அவருக்கு வழக்கமானது. ரத்த அழுத்தக் கருவியையும், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக் குப்பியையும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மேடையில் கைக்கு எட்டும்படி வைத்தேன். குப்பியில் பத்து மாத்திரைகள். எண்ணித்தான் வைத்தேன்.

இருக்கையில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அழுத்தினேன்... நம்புங்கள்! இருக்கை மெல்ல நீண்டு கட்டிலாயிற்று. என் முழு நீளமும் அதில் அடங்கிற்று. ஜன்னல் மூடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். குக்கர் சத்தம் இல்லை, அழைப்பு மணி இல்லை, எவள் அழுகையும் இல்லை. ஐந்தே நிமிடம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகா... அந்தத் தூக்கம்! கனவுகூட இல்லை. ஆறு வருடத் தூக்கமும் எங்கோ சேர்த்து வைக்கப்பட்டு, ஒரே நாளில் என் கைக்கு வந்தது போலிருந்தது. நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஐந்து மணி நேரமும் நான் ஒரு ராணி.

விமானம் இறங்கப்போகிறது என்ற அறிவிப்பில்தான் விழித்தேன். கழுத்து வரை மெத்தென்ற போர்வை, நான் போர்த்திக்கொள்ளவில்லை. கீழே என் காலணிகள், நான் எழுந்தால் அப்படியே கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மொரிதா விழித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பணிப்பெண் உங்களை எழுப்ப வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார்.

அவசரமாகப் பட்டையைச் சுற்றினேன். நூற்றிரண்டுக்கு அறுபத்து நான்கு. குறைவுதான். ஓய்வாக இருந்திருக்கிறார், அதனால் இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன்... இல்லை, நினைக்க விரும்பினேன். அவர் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். தலைவலியா என்று கேட்டேன். விமானம் என்றாலே அப்படித்தான் என்றார்.

சார்ட்டில் ஐந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

நான் பேனாவை எடுத்தேன். அனுபவமில்லாதவள் ஐந்திலும் ஒரே எண்ணை எழுதி மாட்டிக்கொள்வாள். நான் அப்படியா? நூற்று முப்பதிலிருந்து நூற்றிரண்டுக்குத் திடீரென்று விழுந்தால் கேள்வி வரும். ஆகவே படிப்படியாக இறக்கினேன்: நூற்று இருபத்தெட்டு, இருபத்து நான்கு, பதினெட்டு, பன்னிரண்டு, நூற்று ஆறு. நாடித்துடிப்பையும் அதற்கேற்பச் சேர்த்தேன். குறிப்புப் பகுதியில் எழுதினேன்: நோயாளி நன்றாக உறங்கினார். நெஞ்சு வலி இல்லை.

கேட்டீர்களா? நோயாளி நன்றாக உறங்கினாராம்!

அந்தத் தாளில் நோயாளி ஒப்பமிடவும் ஓர் இடம் உண்டு. நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அப்போதுதான் அவர் முழங்காலில் திறந்து கிடந்த குறிப்பேட்டைப் பார்த்தேன். நான் தூங்கும் முன் அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது. இப்போது அதன் கீழே ஐந்து புதிய வரிகள்! மனிதர் மணிக்கொரு முறை தாமே பட்டையைச் சுற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார். உண்மையான எண்கள்! நான் தலையை நீட்டிப் படிக்குமுன் அவர் குறிப்பேட்டை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்கள் எண்கள் மிக ஒழுங்காக இறங்குகின்றன, சிஸ்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை.

பிறகு கைப்பையிலிருந்து விரல் அளவு முத்திரைக்கட்டை ஒன்றை எடுத்தார். அவர்கள் நாட்டில் கையெழுத்தை விட அதற்குத்தான் மதிப்பு என்று வார்டிலேயே ஒரு முறை எனக்குச் சொல்லியிருக்கிறார். சிவப்பு மையில் தோய்த்து, கோணாமல் என் சார்ட்டின் கீழே அழுத்தினார். நான் "தேங்க்யூ சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

நிலையத்தில் அவருடைய டாக்டரின் ஆட்கள் சக்கர நாற்காலியோடு காத்திருந்தார்கள். சார்ட்டை ஒப்படைத்தேன். மொரிதா நாற்காலியில் இருந்தபடியே எனக்குத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன், அவரை விடத் தாழ்வாகக் குனிந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன்.

ஓட்டல் அறையில் மருந்துப் பையைச் சரிபார்த்தேன். குப்பியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினேன்.

எட்டு.

மறுபடி எண்ணினேன். எட்டுதான்... நூற்றிரண்டுக்கு அறுபத்து நான்கு, அந்தத் தலைவலி, எல்லாம் அந்த மாத்திரையின் வேலை. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஒரு முறை வைத்து அடங்காமல், இரண்டாம் முறையும் வைத்திருக்கிறார். கையை நீட்டித் தொட்டால் எழும் தூரத்தில் நான் கிடந்தேன். அவர் தொடவில்லை.

மேசையில் தொலைபேசி இருந்தது. டாக்டரின் எண் தாளில் இருந்தது. கருவியைக் காதில் வைத்தேன். என்ன சொல்வேன்? "சார்ட்டைக் கிழித்துப் போடுங்கள், நான் தூங்கிவிட்டேன்" என்றா? லைசென்ஸ் போகும், வேலை போகும், என் சம்பளத்தை நம்பி ஊரில் இருக்கும் அப்பா உட்பட மூவரும் தெருவில் நிற்பார்கள்... கருவியைக் கீழே வைத்தேன். தூங்கியது உடம்பு செய்தது. இதை நானே செய்தேன்.

பஹ்ரைனில் மருந்தகத்தில் கேட்டார்கள்: "சிஸ்டர், ரெண்டு குறையுதே?"

"கீழ விழுந்து உருண்டு போச்சு" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. விமான நிலையத்திலேயே நோயாளி எழுதிக் கொடுத்திருந்த கருத்தாம்: இந்தச் சிஸ்டர் ஒரு நிமிடம்கூட என் பக்கத்தை விட்டு அகலவில்லை. அதுவும் உண்மைதானே! கடிதத்தைச் சட்டம் போட்டு வார்டில் மாட்டினார்கள். அடுத்த வருடமே நான் வார்டு பொறுப்பாளர் ஆனேன். ஊரில் பாதிரியார் பூசையில் என் பெயரைச் சொன்னார். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்தப் பயணத்தை இன்றும் நான் கதையாகச் சொல்வேன்: குனிந்தார்கள், முழந்தாளிட்டார்கள், பச்சைச் சூரை தின்றேன்! அறையே கைதட்டும். சகாயம் மட்டும் ஒரு நாள், "ஏட்டி, பிளேன்ல ஒறங்கினியா?" என்று கேட்டாள். "போடி" என்று சிரித்தேன்.

அவர் பிழைத்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. டாக்டரிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டினாரா என்றும் தெரியாது. இதுதான் என்னை அறுக்கிறது... என் சார்ட்டில் முத்திரை அழுத்திய மனிதர், அதைப் பொய்யென்று காட்டும் குறிப்பேட்டை எப்படி வெளியே எடுப்பார்? என்னைக் காப்பாற்ற வேண்டித் தம் நெஞ்சு வலியை மறைத்திருப்பாரோ?

அந்த டாக்டரின் எண் இன்னும் என் டைரியில் இருக்கிறது. குதைபியாவில் எங்கள் அறைக்குக் கீழேயே, கோழிக் கடையின் பக்கத்தில், போன் பூத். படியிறங்கினால் போதும்.

பல முறை படியிறங்கியிருக்கிறேன். கோழி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.