பின்னால் நடந்த பாட்டு

1998 ஜூன் 15: பாட்டு டீச்சர் சம்பளம், மாதம் ரூ. 600.
1998 ஆகஸ்ட் 3: கோரைப்புல் பத்துக் கட்டு, ரூ. 20.
1998 நவம்பர் 21: திண்டுக்கல் போய்வர வேன், ரூ. 450.

வத்தலக்குண்டுப் பள்ளியொன்றில் நாட்டுப்புறப் பாட்டு சொல்லிக்கொடுக்க அமலராணி சேர்ந்த அன்றே, தாளாளர் கிறிஸ்துராஜ் பாதர் ஒளிவில்லாமல் சொல்லிவிட்டார்.

"ஆறு மாசந்தாம்மா. பிள்ளைக ஒழுங்காப் படிச்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா டைப்ரைட்டிங் கத்துக்க."

நடவுப் பாட்டைக் கரும்பலகையில் எழுதி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தாள். திங்கட்கிழமை படித்தது வியாழனுக்குள் காணாமல் போனது. மூன்றாவது அடி வந்தாலே பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள்.

அதே பிள்ளைகள் இடைவேளையில் எதிரெதிரே கைதட்டி, இதைவிட நீளமான பாட்டைப் பிசகாமல் படித்தார்கள். அதை யாரும் எழுதிப்போடவில்லையே, எப்படி நிற்கிறது? அமலராணி டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். கைக்கு வேலை இருந்தது. அதுதான் சங்கதி.

மறுவாரமே நாற்றுக்குப் பதிலாகக் கோரைப்புல் வாங்கினாள். முதலில் சொல்லில்லாமல் மெட்டு மட்டும். அடுத்து, தாளத்துக்கு ஒரு நாற்றாகக் குனிந்து நட்டு, வயலில் நடுகிறவர்களைப் போலவே பின்னால் எட்டு வைப்பது. அதற்குப் பிறகுதான் சொல். யாராவது மறந்தால் அவள் எடுத்துக்கொடுக்க மாட்டாள். மற்றவர்கள் முந்தைய அடியைப் பாட வேண்டும், மறந்த பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

ஒருநாள் பாஸிலாவின் அம்மா ஜெய்தூன் பீவி பள்ளி கேட் அருகே மறித்தார்.

"டீச்சர், எம்மக வீட்டுலயும் பின்னாலயே நடக்குறா. குடத்தோட விழுந்துட்டா."

"ஐயையோ! பாட்டு மறந்துச்சாம்மா?"

"நல்லாக் கேட்டீக! விழுந்துகெடந்தும்ல படிக்கிறா."

நவம்பரில் திண்டுக்கல்லில் போட்டி. மேடையில் ஒரே மைக். கணீரென்று ஆரம்பித்த பிள்ளைகள், குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். மூன்றாவது அடியில் குரல் தேய்ந்தது. ஐந்தாவதில் திரைக்குப் பின்னால் மறைந்தே போனார்கள். அரங்கம் சிரித்தது. திரைக்குள்ளிருந்து பாட்டு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கா கூட்டிட்டுப் போற?" என்றார் பாதர். பரிசு இல்லை.

திரும்பும்போது வேனில் அமலராணி, பாடிய பிள்ளைகளில் ஒருவனான ஜெரினைக் கேட்டாள். "ஏன்யா, மைக்குகிட்டத் திரும்பி வந்திருக்கலாம்ல?"

"முன்னால வந்தா நட்ட நாத்த மிதிச்சிருவோமே டீச்சர்."

வேலை போய்விடும் என்ற கலக்கத்திலும் அவளுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது.

பாதருக்கு எல்லாம் எழுத்தில்தான். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. 'அசைவைக் குறைத்துப் பழக்குகிறேன், இன்னொரு முறை கேளுங்கள்' என்று பதில் எழுதினாள். டிசம்பர் 7 அன்று கேட்பதாக இரண்டாவது கடிதம் வந்தது.

முதலில் கால்களை நிறுத்தினாள், பாட்டு பிசகவில்லை. குனிவதை நிறுத்தினாள், அப்போதும் பிசகவில்லை. விரலையும் நிறுத்தியபோது மூன்றாவது அடி அறுந்தது. சரி, விரல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று வராந்தாவில் பிள்ளைகள் அசையாமல் நின்று பாடினார்கள். விரல்கள் மட்டும் தொடையோரம் நாற்றுக் கிள்ளின. பாதர் பாதியில் கை காட்டி, "அஞ்சாவது அடியிலருந்து படிங்க" என்றார். படித்தார்கள். "ம்" என்றபடி எழுந்து போய்விட்டார்.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாரம் யோசித்தாள். டைப்ரைட்டிங் வகுப்பையும் விசாரித்து வைத்தாள்.

வேலை நிரந்தரம் என்ற கடைசிக் கடிதம் அவள் கைக்கு வந்தது 1998 டிசம்பர் 14.