துணைக்கால் விட்டால் கொலை

கைடுக் கடைக்கு வருகிறவன் புத்தகம் வாங்க வருவதில்லை. பாஸ் வாங்க வருகிறான்.

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முப்பத்து நாலு வருஷமாகக் கடை. பத்தடிக்கு எட்டடி. பத்தாம் வகுப்பு கைடு, போலீஸ் பரீட்சை கைடு, ஓரமாக ஒரு ஜெராக்ஸ் மிஷின். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். என் கஷ்டம் உங்கள் கஷ்டம். ஆனால் உங்கள் கடைக்குப் பின்லாந்து வந்திருக்காது. என் கடைக்கு வந்தது. நான் கூப்பிடவில்லை.

ஃபினிஷ் ஆன ஆர்டர்

ஸ்டெல்லா தருவைகுளத்துக்காரி. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் டூட்டி முடிந்து நேரே வந்தாள்.

"அண்ணாச்சி, ஃபின்னிஷ் புக் இருக்கா?"

"எதை ஃபினிஷ் பண்ணணும்?"

பின்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலையாம். ஏஜென்சி பேர் எழுதிவிட்டது. அந்த நாட்டுப் பாஷையிலேயே வீடியோவில் இண்டர்வியூ. வாய்ப்பு இரண்டே இரண்டு. இரண்டும் தவறினால் பேரை அடித்துவிடுவார்கள். மறுபடி எழுத வயது தாண்டிவிடும். "போனா இதுல போகணும், இல்லன்னா ரிட்டயர் ஆகுத வரைக்கும் இதே வார்டு" என்றாள். அழவில்லை. பஸ் நேரம் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

மதுரை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். ஃபின்னிஷ், ஃபின்னிஷ் என்று மூன்று தடவை சொன்னேன். "இருக்கு, இருக்கு" என்றான். இவன் எதைக் கேட்டாலும் இருக்கு என்பான், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பார்சல் வந்தது. பிரித்தால், 'வுட் ஃபினிஷ்': மேஜை நாற்காலிக்கு வார்னிஷ் அடிப்பது எப்படி. உப்புத்தாள் தேய்க்கும் முறை மட்டும் பதினாறு பக்கம். போன் போட்டுக் கத்தினேன். அவன் அசரவில்லை.

"வந்தது வந்துட்டு, வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. படம் பூரா கலரு."

கப்பலில் வந்த வாத்தியார்

சேவியர் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். வேலை நேரத்தில் என் கடையிலும், மற்ற நேரத்தில் வீட்டிலும் இருப்பான். ஸ்டெல்லா கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இவ்வளவுதானா? ஹார்பர்ல ஒரு கப்பல் நிக்கி. அதுல பின்லாந்துக்காரன் ஒருத்தன் இருக்கான். சனிக்கிழமை வெளிய வாரான். கூட்டிட்டு வாரேன்" என்றான்.

சனிக்கிழமை ஸ்டெல்லா லீவு போட்டாள். நூறு பக்க நோட்டு, இரண்டு பேனா. எனக்கு ஒரு ஸ்டூல் கூடுதலாக இரவல் வாங்க வேண்டியதாயிற்று. சேவியர் ஆளைக் கொண்டு வந்து நிறுத்தினான். குள்ளமாக, கறுத்த முடியோடு, சிரித்த முகம். கழுத்தில் செபமாலை. ஸ்டெல்லா எழுந்து நின்று, போனில் கேட்டுப் பழகிய வணக்கத்தைச் சொன்னாள். "ஹுவா பைவா." அவன் இன்னும் நன்றாகச் சிரித்தான். பிறகு இங்கிலீஷில், தான் பிலிப்பைன்ஸ்காரன் என்றும், மாதா கோவிலுக்கு வழி கேட்டால் இந்த அண்ணன் இங்கே இழுத்து வந்துவிட்டார் என்றும் சொன்னான்.

ஸ்டெல்லாதான் அவனைக் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். நான் சேவியரைப் பார்த்தேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் 'பி'லதான அண்ணாச்சி ஆரம்பிக்கி, நடுவுல ஒரு எழுத்து மாறினதுக்கு இப்படியா மொறைப்பீய?"

கண்ணாடி போட்ட மாடு

அடுத்தது போன் ஆப். இலவசம். தினம் பத்து நிமிஷம், படம் காட்டும், மணி அடிக்கும், பாராட்டும். ஒரு மாதம் விடாமல் படித்தாள். ஒரு நாள் ஜெராக்ஸுக்கு வந்தவளிடம் எதுவரைக்கும் வந்திருக்கு என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு மாடு. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது. அது செய்தித்தாள் படிக்கிறது என்பதுதான் அன்றைய பாடம்.

"மாட்டுக்குக் கண்ணாடி மாட்டியாச்சு அண்ணாச்சி, கெழவிக்கு மாத்திரை குடுக்க இன்னும் வரல."

மேனேஜ்மென்ட் சைடு

இந்த மாதிரி சமயத்தில் கோச்சிங் சென்டர் முளைக்காவிட்டால்தான் ஆச்சரியம். டைரக்டர் நம் ஊர்க்காரன்தான். சென்னையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்ததால் நம் பேச்சு அவனுக்குக் கூச்சம். "ஃபாரின் லாங்குவேஜ் அகாடமி" என்று போர்டு. ஸ்டெல்லா சேர்ந்தாள். வேறு வழியில்லை.

அவர்கள் கொடுத்த மெட்டீரியலை ஜெராக்ஸ் போட என்னிடம் கொண்டுவந்தாள். முதல் ஆறு பக்கம் டைரக்டர் மாலையோடு நிற்கும் போட்டோ. மீதி, ஃபின்னிஷ் வார்த்தைகள், பக்கத்தில் உச்சரிப்பு இங்கிலீஷ் எழுத்தில். அதுவும் எவனோ காதால் கேட்காமல் கண்ணால் பார்த்து எழுதியது. அதோடு ஒரு நல்ல உபதேசம் வேறு. ஸ்டெல்லா "வாரேன், போறேன்" என்று பேசுவதைக் கேட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் டைரக்டர் சொன்னானாம்: "இந்தத் தூத்துக்குடி இழுவையை விடுங்க மேடம். ஃபாரின்ல எல்லாம் ஷார்ட்டா பேசணும்." பாவி மகள் நம்பி, வாயில் வருகிற நெடிலை எல்லாம் வெட்டிக் குறிலாக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவனே கடைக்கு வந்தான். மெட்டீரியலை என் கடையில் வைத்து விற்க வேண்டுமாம். "வச்சிருதேன். அந்தப் பாஷையில ஒரு வரி சொல்லுங்க, கேட்போம்" என்றேன். டையைச் சரிசெய்தான். மணி பார்த்தான்.

"அண்ணாச்சி, நான் மேனேஜ்மென்ட் சைடு."

நாளைக்கு உங்களைக் கொல்லுதேன்

முதல் இண்டர்வியூ வந்தது. திரையில் ஒரு அம்மா நோயாளியாக நடிக்க வேண்டும், ஸ்டெல்லா நர்ஸாகப் பேச வேண்டும். பெயர் கேட்டாள், மாத்திரை கொடுத்தாள், எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். எல்லாம் சரி. கடைசியில் விடைபெறும்போது "நாளைக்கு உங்களைச் சந்திக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பாஷையில் 'தபான்' என்றால் சந்திக்கிறேன். 'தபன்' என்றால் கொல்லுகிறேன். துணைக்கால் ஒன்றுதான் வித்தியாசம். ஸ்டெல்லா, கோச்சிங்கில் படித்தபடி, ஷார்ட்டாகச் சொன்னாள். படுக்கையில் கிடக்கிற கிழவியைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, நாளைக்குக் கொல்லுவதாக.

முடிவு மெயிலில் வந்தது. எந்த இடத்தில் என்ன சொன்னாள் என்று இங்கிலீஷில் விளக்கமும் இருந்தது. பிரிண்ட் எடுக்க என்னிடம்தான் வந்தாள். நான் படித்தேன். சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். ஒரு வாய்ப்புப் போய்விட்டது. மிச்சம் ஒன்று.

"அந்தம்மா எழுதறத நிப்பாட்டிட்டு என்னையே பாத்தாங்க அண்ணாச்சி. நான் ரொம்ப நல்லாப் பேசிட்டேன்னுல்லா நெனச்சேன்."

அப்பாவுக்கும் ஆபத்துக்கும் நடுவில்

அதற்குப் பிறகு கோச்சிங் போகவில்லை. போனில் இரண்டு விஷயம் தேடிப் பிடித்தாள். ஒன்று, அந்த ஊர் ரேடியோவில் புதிதாக வந்தவர்களுக்காக மெதுவாக வாசிக்கும் செய்தி. இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன். தருவைகுளம் பஸ்ஸில் போக வர இதுதான். இரண்டாவது வாரம் மீன்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்த பெண், இது எந்த ஊர் செபம் என்று கேட்டாளாம். செய்தி என்று இவள் சொன்னாள். "செய்தியா? ஒருத்தனும் கத்தலியே" என்றாளாம் அவள்.

ஒரு நாள் என்னிடம் வந்து ஒன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டு கேட்டாள். பிள்ளைக்கா என்றேன். எனக்கு என்றாள். இங்கிலீஷ் எழுத்தைத் தூர எறிந்துவிட்டு எல்லாவற்றையும் தமிழில் எழுத ஆரம்பித்திருந்தாள். "இங்கிலீஷ்ல ஒரு ஏ, ரெண்டு ஏன்னு கண்ணுக்குத் தெரியுது, வாய்க்குத் தெரியல. தமிழ்ல துணைக்கால் போட்டா வாய் தானா இழுக்கும் அண்ணாச்சி." அந்தப் பாஷை பூராவும் குறில் நெடிலாம். இரட்டித்தால் ஒரு அர்த்தம், இரட்டிக்காவிட்டால் ஒரு அர்த்தம். நடுவில் வருகிற 'ப'வை மட்டும், அப்பாவில் வருகிற அழுத்தமும் இல்லாமல் ஆபத்தில் வருகிற மெத்தனமும் இல்லாமல் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஓரத்தில் சின்னப் புள்ளி வைத்திருந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வித்தை. எனக்கு எரிச்சலாக இருந்தது. புத்தகம் விற்கிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

நோட்டை நானும் புரட்டினேன். கல என்றால் மீன். மெரி என்றால் கடல். ஹெல்மி என்றால் முத்து. இல்லை என்பதற்கு 'ஏய்'. "அப்ப நான் காலையிலிருந்து ஃபின்னிஷ்தான் பேசுதேன்" என்றேன். அடுத்த பக்கம் துலி, தூலி, துல்லி. துலி தீ, தூலி காற்று, துல்லி கஸ்டம்ஸ். சேவியர் எட்டிப் பார்த்து, மூன்றையும் வாய்விட்டுப் படித்தான்.

"பொருத்தம்தான் அண்ணாச்சி. மூணுலயும் மாட்டுன சரக்கு முழுசா வந்து நான் பாத்ததில்ல."

ஏய்

இரண்டாவது இண்டர்வியூ அன்றைக்குத் தருவைகுளத்தில் மாதாந்திர மின்தடை. பகல் பதினொன்றரைக்கு என் கடையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கினேன். போலீஸ் கைடு அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். அதே அம்மா திரையில் வந்தாள். கொலை மிரட்டலை மறந்த மாதிரித் தெரியவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நோட்டைப் பார்க்கக்கூட இல்லை அவள். அப்போது ஒருவன் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தான். ஆதார் அஞ்சு காப்பி. சைகை காட்டினேன். "சீக்கிரம் அண்ணாச்சி, பேங்க்ல கூட்டம் ஏறிரும்" என்றான். மறுபடி சைகை. "என்ன, பல்வலியா?" என்றான். எனக்கு இருக்கிற பொறுமை அவ்வளவுதான்.

"ஏய்!" என்று ஒரு போடு போட்டேன்.

ஆதார்க்காரன் வந்த வழியே குனிந்து வெளியே போய்விட்டான். திரையில் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா அப்போதுதான், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தாளாம். பதில் போய்விட்டது. இல்லை என்று, உரத்த குரலில், சுத்தமான ஃபின்னிஷில். எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் எவன் பெயில் ஆனதற்கும் நான் வாயைப் பொத்தினதில்லை.

ஸ்டெல்லா போனைத் திருப்பி என்னைக் காட்டினாள். ஏதோ நாலு வார்த்தை சொன்னாள். அந்த அம்மா சிரித்தாள். பிறகு ஸ்டெல்லா, வருவேன், ஞாயிற்றுக்கிழமையும் வருவேன் என்று சொல்லியிருக்க வேண்டும், தலையைத் தலையை ஆட்டினாள். கடைசியில் அந்த இடம் வந்தது. விடைபெறுகிற இடம். ஒரு மூச்சு எடுத்தாள். கரையில் நின்று படகுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்தாள்: "தபாஆஆன்." அந்த அம்மா தலைகுனிந்து ஏதோ எழுதினாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

போன் அணைந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்றேன். "இவருக்கு உங்க பாஷை தெரியாது, கோவம் மட்டும்தான் தெரியும்னேன்." சரி, கடைசியில் அந்த அம்மா ஏதோ கேட்டாளே, அது என்ன என்றேன்.

"இவ்வளவு சுத்தமா நெடில் எங்க படிச்சன்னு கேட்டாங்க அண்ணாச்சி. எங்க ஊர்ல வாரவன் போறவன் எல்லாருமே இழுப்போம்னு சொல்லிட்டேன்."

புது போர்டு

பத்து நாளில் மெயில் வந்தது. தேறிவிட்டாள். பிரிண்ட் எடுக்க வந்தவள் மூன்று காப்பி கேட்டாள். ஒன்று ஏஜென்சிக்கு, ஒன்று வீட்டுக்கு. மூன்றாவது டைரக்டருக்கு, தானே நேரில் போய் அவன் மேஜையில் வைத்துவிட்டு, "வாரேன்" என்று நன்றாக இழுத்துச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

அடுத்த வாரம் கோச்சிங் சென்டரில் புது போர்டு. ஸ்டெல்லா போட்டோ பெரிதாக, டைரக்டர் போட்டோ அதைவிடப் பெரிதாக. கீழே, 'நெடில் உச்சரிப்புக்குத் தனிப் பயிற்சி'. வழியில் அவனைப் பார்த்துக் கேட்டேன், இழுக்கக் கூடாது என்றாயே, இப்போது என்ன என்று. வெட்கம் என்ற சாமான் அவன் ஸ்டாக்கில் கிடையாது.

"இழுவைதான் அண்ணாச்சி ஆரம்பத்துலேர்ந்தே நம்ம சென்டரோட ஸ்பெஷாலிட்டி."

முப்பத்து நாலு வருஷமாகப் பாஸ் விற்கிற கடையில் என் கண் முன்னாலேயே பாஸானவள் இவள் ஒருத்திதான், அதுவும் நான் விற்ற எந்தப் புத்தகத்தாலும் இல்லை, என் வாயையும் மீறி.