குரங்கணி ஜீப்பில் தனிமனித சுதந்திரம்

இன்று காலை போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப்பில் போனேன். அருகில் எங்கள் தெருவின் ஏலக்காய் வியாபாரி அண்ணன். மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பியதால் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி.

ஜீப்பு நிறையும் வரை அரசைத் திட்டினார். "பெல்ட்டு போடுன்னு சொல்ல சர்க்காரு யாரு? எத்தன பேரு ஏறலாம்னு ஓட்டுறவனும் ஏறுறவனும் பேசி முடிச்சுக்க மாட்டாங்களா?"

ஓட்டுநர் நெகிழ்ந்துவிட்டார். "எங்களுக்காகப் பேசுன மொத ஆளு நீங்கதாண்ணே."

அந்த நெகிழ்ச்சியில், வழியில் கை காட்டிய எல்லோரையும் ஏற்றினார். பதினாறாவதாக ஏறிய அம்மாள், "அப்பு, இத செத்த பிடிச்சுக்க," என்று தன் ஆட்டுக்குட்டியை அண்ணனின் மடியில் வைத்தார்.

சோதனைச் சாவடியில் காவலர் எட்டிப் பார்த்தார்.

"சார், இத்தன பேர ஏத்துறாரு, கேக்க மாட்டீங்களா?" என்றார் அண்ணன், ஏறக்குறைய அழுதுகொண்டே.

காவலர் நிதானமாக யோசித்தார். "யாரையும் கையப் பிடிச்சு இழுத்தா ஏத்துனாரு? விருப்பப்பட்டுத்தானண்ணே ஏறுனீங்க?"

தடுப்புக் கம்பு மேலே போனது. அடுத்த வளைவில் ஆட்டுக்குட்டி தன் சுதந்திரத்தை வேட்டியின் மீது முழுமையாகப் பயன்படுத்தியது.

பெண் வீட்டில் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசனை இருந்தால் எழுதுங்கள். அரசின் மீது பழி போட வழியில்லை. அது தலையிடவே இல்லை.